மரக் கடிகாரத்தின் கொண்டி

நடந்தவை, வரிசையாக:

1. மேட்டூர் அணை தாமதமாகத் திறந்த ஆண்டு. நம் வாய்க்காலில் முறைத் தண்ணீர். பகல் பன்னிரண்டு மணி நேரம் மேலூருக்கு, இரவு பன்னிரண்டு மணி நேரம் கீழூருக்கு.
2. மேலூர் மாதா கோயில் கோபுரத்துக் கடிகாரத்தை அறிவியல் கண்காட்சிக்காக மரத்தில் சிறிதாகச் செய்தோம். செய்தவர்கள் நானும், அந்தக் கோபுரத்து மணிக்காரர் மகளும்.
3. செய்து முடித்ததும் அதை என் அப்பாவிடம் ஓட்டிக் காட்டினேன்.
4. அடுத்த சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கீழூர் ஆட்கள் கோயிலுக்குப் போனார்கள்.
5. கடிகாரத்தின் எடைக்கல் கோபுரத்துக்குள் விழுந்தது. மணிக்காரரின் வலது கை உடைந்தது.
6. கீழே அடிதடி. பதினொரு பேர் மருத்துவமனையில்.
7. விபத்து என்று எழுதி முடித்தார்கள்.
8. நம் மரக் கடிகாரத்துக்குத் தஞ்சாவூரில் முதல் பரிசு.

எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்காரர்களே, உங்களுக்கு நினைவிருப்பது எட்டாவது வரி மட்டும். போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பழைய போட்டோவைப் போட்டு, "நம்ம இன்ஜினியர் அப்பவே இன்ஜினியர்" என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் கை தட்டினீர்கள். நானும் நன்றி சொன்னேன்.

என் வேலை இப்படி வரிசையாக எழுதுவதுதான். தொழிற்சாலையில் இயந்திரம் யாருடைய கையையாவது பிடித்துக்கொண்டால், நிர்வாகம் என்னைக் கூப்பிடும். என்ன நடந்தது, எதற்குப் பின் எது நடந்தது, யார் எங்கே நின்றார்கள் என்று கேட்டு எழுதுவேன். பத்துக்கு ஏழு அறிக்கையில் ஒரு வரி விட்டுப்போயிருக்கும். அந்த வரியில் ஓர் ஆள் இருப்பார். மேலே உள்ள பட்டியலிலும் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு வரி இல்லை. அதை விட்டவள் நான்.

அந்தப் போட்டோவுக்கு அடியில் மணிக்காரர் மகள் போட்ட குரல் பதிவை எத்தனை பேர் கேட்டீர்கள் என்று தெரியாது. அவளைக் குழுவில் சேர்த்தே இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தத்தோடு அவள் சொன்னது இவ்வளவுதான்: "நல்லாயிருக்கு போட்டோ. எங்கப்பா இன்னும் கையைப் பார்த்துக்கிட்டு, கொண்டியைப் போட்டேனா போடலையான்னு என்னையே கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல?"

ஆறு முறை கேட்டேன். பதில் எனக்குத் தெரியும். பதினேழு ஆண்டுகளாகத் தெரியும்.

*

முதலில் தண்ணீர்.

குறுவை கிடையாது. சம்பா நாற்றாவது பிழைக்குமா என்று இரண்டு ஊரும் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்த ஆண்டு. வாய்க்கால் பிரியும் இடத்தில் மதகு. காலை ஆறு மணிக்குப் பலகையை மாற்றிப் போட்டால் தண்ணீர் மேலூருக்குத் திரும்பும். மாலை ஆறு மணிக்குக் கீழூர்க்காரர்களான எங்களுக்கு. ஆறு மணி என்பதை யார் கடிகாரத்தில் பார்ப்பது? எங்கள் தாத்தாக்கள் காலத்திலேயே கைக்கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் ஒரு மண்டை உடைந்திருக்கிறது. அதற்குப் பிறகு தாசில்தார் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதினார்கள்: மாதா கோயில் மணியே கணக்கு. ஆறாவது அடி விழும்போது பலகை மாறும். என் அப்பாவின் சட்டைப்பையில் செல்போன் இருந்த காலத்திலும் அதுதான் சட்டம். செல்போனில் ஆறு மணி ஆகி நிமிடங்கள் போகும். இரண்டு ஊர் ஆட்களும் மண்வெட்டியோடு மதகின் இரு பக்கமும் நின்று, கோபுரத்தைப் பார்த்தபடி காத்திருப்பார்கள்.

காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் எல்லாச் சண்டையும். ஒரு மாலை சித்தப்பா மணி அடிப்பதற்கு முன்பே பலகையில் கை வைத்தார். மேலூர்க்காரர் ஒருவர் மண்வெட்டிக் காம்பால் அவர் விரல்களின் மேல் அடித்தார். சித்தப்பா தண்ணீருக்குள் அவரை இழுத்துப்போட்டு, தலையைச் சேற்றில் அழுத்திப் பிடித்தார். காலை உதறுவது கரையிலிருந்து தெரிந்தது. அப்பா போய் சித்தப்பாவின் முடியைப் பிடித்துத் தூக்கியபிறகுதான் அந்த ஆள் மூச்சுவிட்டார். நான் கரையில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றிருந்தேன். மணி அதன்பிறகுதான் அடித்தது.

சாமிக்காக யாரும் சண்டை போட்டதில்லை. மேலூர்த் திருவிழாத் தேருக்கு எங்கள் ஊர் ஆட்கள் கட்டை போடுவார்கள். எங்கள் மாரியம்மன் கஞ்சிக்கு அவர்கள் அரிசி வரும். தண்ணீர் வந்த ஆண்டுகளில் அப்படி. வராத ஆண்டில், எதிரில் வருகிறவன் எந்த ஊர் என்பதுதான் முதல் கேள்வி.

*

கடிகாரம் செய்யலாம் என்று சொன்னது மணிக்காரர் மகள். என் பெஞ்சில் எனக்கு வலப்பக்கம் உட்காருவாள். பேச்சில் என்னைவிட வேகம். "எரிமலை எல்லா ஸ்கூலும் கொண்டு வரும்டி. சோடா மாவு, வினிகர், பொங்கும், அவ்ளோதான். நாம கோபுரத்துக் கடிகாரம் கொண்டு போவோம். எங்கப்பா வீட்டுலயே அதைப் பத்திதான் பேசுவாரு. எங்கம்மாவைவிட அதுக்குத்தான் எண்ணெய் அதிகம்."

அறிவியல் டீச்சர் நம்பவில்லை. "ஓடுமா?" என்று கேட்டார். ஓடும் என்றேன். "ஓடலைன்னா?" என்று ஸ்கேலைக் காட்டினார். அந்த ஸ்கேலின் பித்தளை ஓரம் உங்களுக்கும் நினைவிருக்கும்.

கோபுரத்தில் மூன்று தட்டு. மரப்படி. மேல்தட்டில் இரும்புச் சட்டத்துக்குள் கடிகாரம். விளக்கெண்ணெயும் புறா எச்சமும் கலந்த வாடை. ஓர் உருளையில் இரும்புக்கயிறு சுற்றியிருக்கும். கயிற்றின் நுனியில் நூற்றைம்பது கிலோ எடைக்கல், கோபுரத்தின் நடுவே கிணறு போல விட்டிருக்கும் இடைவெளியில் தொங்கும். கல் இறங்க இறங்க உருளை சுழலும், சக்கரங்கள் ஓடும். வாரத்துக்கு ஒருமுறை கைப்பிடியால் சுற்றி அதை மேலே ஏற்ற வேண்டும். சுற்றும்போது கல் திரும்பக் கீழே ஓடிவிடாமல் ஓர் இரும்புத் துண்டு பல்லில் விழுந்து விழுந்து தடுக்கும். டக், டக் என்று. அதற்கு மணிக்காரர் சொல்லும் பெயர் கொண்டி.

அவர் நெல் அரவை மில்லுக்குப் போயிருந்த செவ்வாய்க்கிழமை இஞ்சுடேப்போடு ஏறினோம். ஒவ்வொரு சக்கரத்தையும் அளந்து, பல்லை எண்ணி, நோட்டில் எழுதினோம். பாதியில் அவர் வந்துவிட்டார். வந்த வேகத்தில் மகளை ஓர் அறை. அவள் சுவரில் போய் மோதினாள். என் பக்கம் கை ஓங்கி, நிறுத்தினார். "ஊரான் புள்ள. உன்னை அடிச்சா உங்கப்பன் தீப்பந்தம் எடுத்துக்கிட்டு வருவான்." நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். "பெரிய சக்கரத்துக்கு நூத்திப் பத்தொம்பது பல்லுன்னு எழுதியிருக்கு. நூத்தி இருபது. எண்ணக்கூடத் தெரியாம என்ன படிப்பு?" நோட்டை என் மேல் வீசிவிட்டு எண்ணெய்க் குப்பியைத் திறந்தார்.

அழுதுகொண்டே மகள் சொன்னாள்: "சரின்னு சொல்லிட்டாருடி."

பிறகு சனிக்கிழமைகளில் ஏற விட்டார். அவர் சுற்றும்போது கடிகாரத்தின் சத்தம் நின்றுபோவதை முதலில் கவனித்தவள் அவள்தான். என் கையில் இருந்த டிஜிட்டல் வாட்சில் எண்ணினோம். எட்டு நிமிடம். இளமையில் நாலு நிமிடத்தில் சுற்றி முடிப்பாராம். இப்போது நடுநடுவே கைப்பிடியில் கையை வைத்தபடியே நின்று மூச்சு வாங்கினார். ஞாயிறு விடியற்காலைப் பூசைக்கு முன்னால் ரேடியோவைப் பார்த்து முள்ளை அந்த எட்டு நிமிடம் முன்னே தள்ளிவிடுவார். சரியாகிவிடும்.

அது எங்களுக்குப் பெரிய கண்டுபிடிப்பு. நோட்டில் சிவப்பு மையில் எழுதினோம்: 'சுற்றும் நேரம் ஓடாது. 8 நிமிடம்.'

*

மரம் எங்கள் பத்தாயத்தின் பலகை. நெல் இல்லாமல் வெறுமனே நின்ற பத்தாயம். நடுப்பலகை ஒன்றை உருவி, காம்பஸால் வட்டம் போட்டு, பாகைமானியால் பல் பிரித்தேன். அப்பா பார்த்தார். அதே பலகையால் அடித்தார். முதுகில் மூன்று, தொடையில் இரண்டு. நாலாவதோ ஐந்தாவதோ அடியில் பலகை பாதியாகப் பிளந்தது. அம்மா குறுக்கே வந்து முழங்கையில் வாங்கிக்கொண்டாள். அப்பா பிளந்த துண்டைத் திருப்பி, நான் போட்டிருந்த வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது என்ன, அறுபது பிரிச்சியா?"

"ஆமாப்பா."

"எடுத்தது எடுத்துட்ட. ஒழுங்காச் செய்."

அப்படிப்பட்டவர்தான். தச்சரிடம் சொல்லி, வட்டம் அறுக்கும் இழைவாள் வாங்கித் தந்தவரும் அவரே.

முதல் சக்கரத்தில் அறுபத்தொரு பல் வந்தது. எரித்துவிட்டு மறுபடி அறுத்தோம். ஊசல் சைக்கிள் ஸ்போக். எடைக்கல்லுக்கு மணல் நிரப்பிய எண்ணெய் டின். கொண்டி புளியமரத் துண்டு. அதை மட்டும் அவளே செதுக்கினாள், பிளேடால். அவள் கட்டைவிரலில் இருந்த வெட்டுக்கள் ஆறுவதற்கு முன்பே கடிகாரம் ஓடியது. ஆறு நாள் தூக்கம் கெட்ட கண்ணோடு அவள் என் தலையில் ஓங்கிக் குட்டினாள். சந்தோஷத்தில்தான்.

*

வியாழக்கிழமை சாயங்காலம். அப்பா வயலிலிருந்து வந்து கால் கழுவாமல் உட்கார்ந்தார். நாற்றங்கால் வெடித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "ஓட்டிக் காட்டு" என்றார்.

ஓட்டினேன். டக் டக் என்று ஊசல் ஆடியது. சிரித்தார். டின் கீழே இறங்கியதும் கைப்பிடியைச் சுற்றினேன். ஊசல் தளர்ந்து நின்றது.

"ஏன் நிக்குது?"

"சுத்தும்போது நிக்கும்பா. எடை இழுக்கறதாலதான் சக்கரம் ஓடுது. சுத்தும்போது எடையை நாம கையில தாங்கிடறோம். இழுக்க ஆளில்லை. நின்னுடும்."

"கோயில்லயும் நிக்குமா?"

"நிக்கும். எட்டு நிமிஷம். எண்ணிப் பார்த்தோம்."

"எப்ப சுத்துறான்?"

"சனிக்கிழமை அஞ்சு மணிக்கு."

அடுப்படியில் அம்மா பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. "அஞ்சு மணி. அவனுங்க முறை," என்றார் மெதுவாக. "அப்ப நமக்கு ஆறு மணி எட்டு நிமிஷம் கழிச்சு அடிக்குது."

"ஆமாப்பா. ஞாயித்துக்கிழமை காலையில முள்ளைத் தள்ளிச் சரி பண்ணிடுவாரு."

"அதாவது நம்ம ராத்திரியில எட்டு நிமிஷம் குறையுது. வாராவாரம்."

நான் கணக்குச் சரி என்று தலையாட்டினேன். பெருமையாக இருந்தது. இவ்வளவு பேச்சை அப்பா என்னிடம் பேசியதே இல்லை.

எட்டு நிமிடத் தண்ணீர் ஒரு சின்ன நாற்றங்காலின் மூலையை நனைக்கும். எங்கள் பக்கத்து வாய்க்காலை இரண்டு ஆண்டாக யாரும் தூர் வாரவில்லை. முழங்கால் அளவு வண்டல். இரவெல்லாம் வந்த தண்ணீரில் பாதி அந்த வண்டலில்தான் நின்றது. எங்கள் ஊர் ஆட்கள் எல்லோரும் அந்த வண்டலில் கால் வைத்துத்தான் மதகுக்குப் போனார்கள், சண்டை போட. இதை இன்று என்னால் தாளில் கணக்குப் போட்டுக் காட்ட முடியும். அன்று எனக்குப் பதின்மூன்று வயது.

அப்பா கொண்டியைத் தொட்டார். "இது?"

சொன்னேன். நகத்தால் தூக்கிப் பார்த்தார். வரவில்லை.

"வராதுப்பா. எடை முழுக்க அது மேலதான் நிக்குது. கைப்பிடியைக் கொஞ்சம் முன்னால சுத்தினா லேசாகும். அப்ப வரும்."

"சுத்து."

சுற்றினேன். அவர் தூக்கினார். டின் தரையில் விழுந்தது. கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று என் விரல் முட்டியில் அடித்தது. தோல் கிழிந்து ரத்தம் பலகையில் சொட்டியது. அப்பா என் கையைப் பார்க்கவில்லை. இன்னும் ஆடிக்கொண்டிருந்த கைப்பிடியைப் பார்த்தார்.

"மறுபடி சுத்து."

இடது கையால் சுற்றினேன். மறுபடி தூக்கினார். இந்த முறை கையை எடுத்துவிட்டேன்.

"எடுக்கலைன்னா?"

"கோயில்ல எடுக்கலைன்னா கை போயிடும்பா. அது நூத்தம்பது கிலோ."

அப்பா எழுந்து கால் கழுவப் போனார்.

*

சனிக்கிழமை முப்பது பேர் போனார்கள். மண்வெட்டிக் காம்பு, கடப்பாரை, வண்டி முளைக்குச்சி. டிராக்டர் டிரெய்லரில் நடுவில் நானும் மரக் கடிகாரமும். "நீதான் காட்டணும்" என்று அப்பா ஏற்றிக்கொண்டார். பங்குச் சாமியார் ஊரில் இல்லை. கோயில் படிக்கட்டில் மணிக்காரர் மகள் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு டிரெய்லரில் இருந்தவர்களைப் பார்த்தாள்.

"என்னடி சொன்ன?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் சித்தப்பா அவளைத் தோளில் பிடித்துத் தள்ளினார். படியின் முனையில் அவள் முகம் இடித்தது. வாயெல்லாம் ரத்தத்தோடு, அழாமல், "என்னடி சொன்ன?" என்று மறுபடி கேட்டாள்.

மேல்தட்டில் நாலு பேருக்குத்தான் இடம். அப்பா, சித்தப்பா, நான். மணிக்காரர் ஏற்கெனவே அங்கே சட்டையைக் கழற்றிவிட்டுச் சுற்றத் தயாராக நின்றார்.

"எட்டு நிமிஷம் திருடுறியாமே?" என்றார் சித்தப்பா.

"எட்டு நிமிஷத் தண்ணிய நானாய்யா குடிச்சேன்? எனக்கு ஒரு குழி நிலம் உண்டா?"

சித்தப்பா அறைந்தார். மணிக்காரரின் கண்ணாடி பறந்து எடைக்கல் தொங்கும் கிணற்றுக்குள் போனது. அது கீழே உடையும் சத்தம் வருவதற்கு நேரமானது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரைப் பிடித்தார். சித்தப்பா வயிற்றில் உதைத்தார்.

"அடிக்காதடா," என்றார் அப்பா. "சுத்தட்டும். நின்னுதுன்னா நாமளே பார்ப்போம்."

மணிக்காரர் சுற்றினார். கொண்டி டக் டக் என்று பல்லில் விழுந்தது. பெரிய ஊசலின் சத்தம் தளர்ந்து, நின்றது. ஜன்னல் வழியே சித்தப்பா கீழே பார்த்துக் கத்தினார்: "நின்னுடுச்சு! வந்து பாருங்கடா, நின்னுடுச்சு!" கீழே நின்ற எங்கள் ஆட்கள் ஊளையிட்டார்கள். மேலூர் ஆட்கள் தெருக்களிலிருந்து ஓடி வருவது தெரிந்தது.

மணிக்காரர் கைப்பிடியில் கையை வைத்தபடி மூச்சு வாங்கினார். "பாத்தாச்சுல்ல? இது மெஷினோட குணம். செஞ்ச வெள்ளைக்காரனைப் போய்க் கேளுங்க. மணிக்காரன் என்ன செய்வான்?" என்னைப் பார்த்து, "சொல்லு பாப்பா, நீ கணக்குப் பார்த்தவதானே," என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"இன்னும் ஒரு பல்லு சுத்துங்க."

"எதுக்கு?"

"சுத்துங்கங்கறேன்."

அவர் சுற்றினார். கண்ணாடி இல்லை, குனிந்து கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் இடது கை இரும்புச் சட்டத்துக்குள் இருந்தது. விட்டுப்போன வரி இதுதான்: என் அப்பா கொண்டியைத் தூக்கினார்.

தெளிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இது என் தொழில். எடை அழுத்தும்போது கொண்டி அசையாது. முழங்கை பட்டு அது தூக்கிக்கொள்ளாது. சரியாக விழாமல் இருந்திருந்தால் அவர் முதல் முறை மூச்சு வாங்கியபோதே கல் போயிருக்கும். கைப்பிடி முன்னே நகரும் அந்த ஒரு நொடியில், தெரிந்த கை மட்டுமே அதைத் தூக்க முடியும். அதை அந்தக் கைக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

கைப்பிடி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றது. கரும்பை முழங்காலில் வைத்து முறிக்கும் சத்தம், நாலைந்து தடவை. கயிறு உருளையிலிருந்து சீறிக்கொண்டு போனது. அடியில் கல் விழுந்தபோது தட்டு முழுக்க அதிர்ந்து, புறாக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் எங்கள் முகத்தில் அடித்துக்கொண்டு வெளியே பறந்தன. மணிக்காரர் கத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அது கை போலவே இல்லை. எலும்பு வெள்ளையாக வெளியே நின்றது.

கீழே இருந்தவர்கள் நாட்டு வெடி என்று நினைத்தார்கள். அதன்பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் இறங்கியபோது ஒருவர் படிக்கட்டில் தன் காதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கோயில் பெஞ்சின் காலைப் பிடுங்கி இரண்டு பேர் ஒருவரையே அடித்துக்கொண்டிருந்தார்கள். விழுந்தவர்களின் மேல் ஏறி மிதித்துக்கொண்டு மற்றவர்கள் ஓடினார்கள். மணிக்காரர் மகள் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினாள். என்னைக் கடந்துதான் போனாள். பார்க்கவில்லை. மரக் கடிகாரத்தின் ஒரு பக்கச் சட்டத்தை யாரோ மிதித்து உடைத்திருந்தார்கள். பின்னால் டீச்சர் அதை ஒட்டவைத்து வார்னிஷ் அடித்துக் கொண்டுபோனார். போட்டோவில் தெரிவது அதுதான்.

*

மருத்துவமனையில் இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டார். "மேல நீ இருந்தியாமே. என்ன பார்த்த?"

அப்பாவின் கை என் பிடரியில் இருந்தது. அழுத்தவில்லை. சும்மா இருந்தது.

"நான் ஜன்னல் வழியா கீழ பார்த்துக்கிட்டு இருந்தேன் சார்."

படுக்கையிலிருந்து மணிக்காரர் குரல் கொடுத்தார். "கொண்டி சரியா விழலை போல சார். கண்ணாடி இல்ல. என் கவனம்தான் தப்பு."

அப்பா அவருக்கு ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கி வைத்தார். எல்லோரும் அப்பாவைப் பெரிய மனது என்றார்கள். அடிதடி வழக்கை இரண்டு ஊரும் பேசி முடித்துக்கொண்டன. கவனக்குறைவு என்று எழுதி, கோயிலில் மணிக்காரரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் மகள் பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள். தஞ்சாவூர் மேடையில் நான் தனியாக நின்றேன். ஒரு நடுவர் கொண்டியைக் காட்டி இது எதற்கு என்று கேட்டார். பாதுகாப்புக்கு என்று சொன்னேன்.

வீட்டில் அம்மாவுக்கு அடி முன்போலத்தான் விழுந்தது. என்னை மட்டும் அப்பா அதற்குப் பிறகு ஒரு நாளும் அடிக்கவில்லை. ஏன் என்று எனக்கு அப்போதே தெரியும். அதில் நான் வசதியாக இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

*

குரல் பதிவைக் கேட்ட மூன்றாம் நாள், அவர்கள் இப்போது இருக்கும் பட்டுக்கோட்டைக்குப் போனேன். தையல் கடைக்குப் பின்னால்தான் வீடு. மணிக்காரர் மகள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல், "வா," என்றாள். அவள் முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. அது படிக்கட்டில் உடைந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

மணிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். வரிசையாக. வியாழக்கிழமை, சனிக்கிழமை, இன்ஸ்பெக்டர்.

"அப்ப நான் கொண்டியைப் போட்டேனா?"

"போட்டீங்க மாமா."

"சரியா விழுந்துச்சா?"

"சரியா விழுந்துச்சு."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "இத்தனை வருஷமா வச்சிருந்தியா நீ?" என்று கேட்டு, டம்ளரை வீசினார். எழுபது வயதுக் கை, அதுவும் இடது கை. குறி தப்பவில்லை. புருவத்தில் பட்டது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியதில் அவர் எழுந்து வருவது மங்கலாகத் தெரிந்தது. மடங்காத விரல்களால் என் கழுத்தருகே சட்டையைப் பிடிக்கப் பார்த்தார். பிடி கிடைக்கவில்லை. மகள் நடுவில் வந்தாள். அவரைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு துணிக் கிழிசல் ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"போயிடு," என்றாள். "எழுதிக் குடுத்துட்டுப் போ."

கடையில் இருந்த அளவு நோட்டின் நாலு பக்கங்களில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். தென்னை மட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தார். அரிவாளை மண்ணில் கொத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அவன்தானே தன் தப்புன்னு சொன்னான்? நான் சொன்னேனா?"

"நீங்கதான் தூக்குனீங்க. நான் பார்த்தேன்."

பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு கை ஓங்கினார். புருவத்துத் தையலைப் பார்த்துத்தானோ என்னவோ, கன்னத்தில் விழ வேண்டியது தோளில் விழுந்தது. அம்மா வாசலில் நின்று, "போதும், எல்லாம் தெரிஞ்சதுதான்," என்றாள். யாருக்கு, எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை.

இப்போதைய நிலை இது. என் புருவத்தில் மூன்று தையலின் தழும்பு. அறிக்கையின் நகல்கள் காவல் நிலையத்துக்கும் கோயிலுக்கும் பதிவுத் தபாலில் போய்ச் சேர்ந்துவிட்டன. வழக்குக்குக் காலம் கடந்துவிட்டது என்று வக்கீல் சொல்கிறார், இருந்தாலும் மனு எழுதுகிறார். அப்பா என்னிடம் பேசுவதில்லை. மணிக்காரர் மகள் என்னை மன்னிக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. நேற்று ஒரு செய்தி மட்டும் அனுப்பியிருந்தாள்: மூன்று வாரமாக அவர் கொண்டியைப் பற்றிக் கேட்பதில்லை.